கொழும்புக் கோட்டையில ஒபிஸ் எடுக்கிறதா, நாவலயிலயே இருக்கிறதா?

வெள்ளவத்தையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 14 பேர் வேலை செய்யிற சொஃப்ட்வெயார் கொம்பனி, நாவலயில ஒரு வீட்டை மாசம் 175,000 வாடகைக்கு எடுத்து நடத்திறம், பார்ட்னர் கோட்டையில ஒரு டவர்ல 1,200 சதுர அடி பார்த்து வச்சிருக்கிறார், அடிக்கு 300 ரூபா, சர்விஸ் சார்ஜ் 75, கிளையண்ட் எல்லாம் ஒஸ்ரேலியாவும் இங்கிலாந்தும், "அட்ரஸ் நல்லா இருந்தாத்தான் பெரிய வேலை வரும்" எண்டு நிக்கிறார், போறதா வேண்டாமா எண்டு.

இப்ப வேண்டாம் தம்பி.

கணக்கைப் பாருங்கோ. வாடகை 360,000, சர்விஸ் சார்ஜ் 90,000, அதுக்கு மேல வற் (பெறுமதி சேர் வரி) 18 வீதம் 81,000, எல்லாமா 531,000. இதுல பார்க்கிங், கரண்ட் பில் இன்னும் சேரேல்ல. நாவலயோட பார்த்தா மாசம் 356,000 கூட. 300,000 சம்பளத்துக்கு ஒரு சீனியர் டெவலப்பரை எடுத்தா, உங்கட பக்க ஈபிஎஃப் (சேமலாப நிதி) 12 வீதம், ஈடிஎஃப் (நம்பிக்கை நிதி) 3 வீதம் சேர்த்து 345,000 தான் வரும். அப்ப பார்ட்னர் கேக்கிறது ஒரு ஆளின்ர சம்பளத்தை, அதை அவரிட்ட இப்பிடியே சொல்லிப் பாருங்கோ. வற்ல பதிஞ்சிருந்தா அந்த 81,000 திரும்ப எடுக்கலாம், வெளிநாட்டுக்குச் செய்யிற சேவைக்கு வற் சீரோ ரேட் தானே, ஆனா வற்றைக் காசாக் கட்டாம விட்ட எஸ்வற் முறை 2025 அக்டோபரோட போயிட்டுது, ரீஃபண்ட் வரும்வரைக்கும் முடங்கிக் கிடக்கிறது உங்கட காசு. (சொல்ல மறந்திட்டன், நாவல வீட்டு வாடகை மாசம் ஒரு லட்சத்துக்கு மேல எண்டபடியா அந்த வாடகையில 10 வீதம் பிடிச்சு இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டவேணும், கனபேர் வீட்டுக்காரரோட சண்டை வேண்டாமெண்டு இதைக் கண்டுங்காணாம விடுறவை, நீங்க விடாதேங்கோ.)

அட்ரஸ் விசயத்துக்கு வருவம். கொம்பனியின்ர பதிவு அலுவலகமும் பெடியள் இருந்து வேலை செய்யிற இடமும் ஒண்டா இருக்கவேணுமெண்டு சட்டம் இல்லை. பதிவு முகவரியை மாத்திறதுக்கு 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில படிவம் 13 இருக்குது, உங்கட கொம்பனி செக்கிரட்டரி அதை நிரப்பிப் போட்டா சரி. பெரிய ஆக்களும் இதைத்தான் செய்யினம். டெஸ்லா 2021ல தலைமையகத்தை பாலோ ஆல்டோவில இருந்து டெக்சஸ் ஒஸ்டினுக்கு மாத்தினது, ஆனா 2023ல திரும்பிவந்து அதே பாலோ ஆல்டோவில இஞ்சினியரிங் தலைமையகம் எண்டு ஒண்டைத் திறந்தது. கடதாசியில தலைமையகம் ஒரு இடம், இஞ்சினியர்மார் இருக்கிறது இன்னொரு இடம். மெல்பேர்ன்ல இருக்கிற கிளையண்ட் உங்களை சூமில தான் பாக்கிறார், அவருக்குக் கோட்டையும் நாவலயும் ஒண்டுதான். வருசத்துக்கு ஒருக்கா ரெண்டுதரம் ஆரும் நேரில வந்தா ஷெயார்ட் ஒபிஸ் ஒண்டில மீட்டிங் றூமை மணித்தியாலக் கணக்கில எடுங்கோ. உள்ளூர் வங்கிகள் கிளையண்டா இருந்தா நான் வேற மாதிரிச் சொல்லியிருப்பன், கன வங்கிகளின்ர தலைமையகம் கோட்டைப் பக்கம் தான், நடந்து போய்க் கதைச்சிட்டு வரலாம்.

கோட்டைக்கு உண்மையான பிளஸ் ரெண்டு இருக்குது. ஒண்டு ரெயில். ராகம, கம்பஹா, மொரட்டுவ, பாணந்துறையில இருந்து வாற பெடியளுக்குக் கோட்டை ஸ்டேஷன் நேரடி, நாவலைக்கு இறங்கி பஸ் மாறவேணும். மற்றது டவர் ஜெனரேட்டர், 2022ல 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினதை ஒருத்தரும் மறக்கேல்ல. அதால 14 பேரும் எங்க இருந்து வருகினம், எத்தனை மணிக்கு வீட்டை போய்ச் சேருகினம் எண்டு ஒரு சீற்ல எழுதிப் பாருங்கோ, பார்ட்னரும் நீங்களும் கார்ல வாறதை அந்தக் கணக்கில சேர்க்காதேங்கோ. லண்டன் கோல் முடிஞ்சு இரவு ஒன்பதரைக்கு இறங்கிற பிள்ளைக்குக் கோட்டையில இருந்து பிக்மி வாடகை வாகனம் தான், அந்தக் காசை நீங்க தான் குடுக்கவேணும். பத்துப் பேருக்கு மேல ரெயில் பாதையில இருந்தா, பயணத்தால நல்ல ஆக்கள் விட்டிட்டுப் போகினமெண்டா, அப்ப யோசிக்கலாம், அப்பவும் மருதானை, கொம்பனித்தெரு பக்கம் விலை கேட்டுப் பார்த்திட்டுத்தான். கரண்டுக்கு நாவல வீட்டிலயே ஒரு நல்ல இன்வேட்டரும் பற்றரியும் போட்டா லப்டொப்பும் ரவுட்டரும் ஓடும்.

அட்வான்ஸ் குடுத்தாச்சோ எண்டு நீங்க எழுதேல்ல. குடுக்கேல்லயெண்டா, பிறகு எப்பவாவது எடுக்கிறதெண்டாலும் லீஸை லோயரிட்ட காட்டாம கையெழுத்து வைக்காதேங்கோ. டொலர் ஏறினா வாடகையும் ஏறிற மாதிரி எழுதியிருக்கா எண்டு முதல் பாருங்கோ, 2022 மார்ச் தொடக்கத்தில 200 ரூபா சொச்சமா இருந்த டொலர் மே மாசம் 360ஐத் தாண்டினது. 1,200 அடியில லொபி, கொரிடோர் பங்கு எவ்வளவு, மேசை போடக்கூடிய இடம் எவ்வளவு எண்டு டேப் வச்சு அளந்து பாருங்கோ. விட்டிட்டுப் போகேக்க பார்ட்டிஷன், சீலிங் எல்லாம் கழட்டி வெறும் தளமாத் திருப்பிக் குடுக்கவேணுமெண்டு ஒரு வரி இருக்கும், அதுக்கு ஆகிற செலவையும் இப்பவே ஒரு கொன்ட்ராக்டரிட்ட கேட்டு வையுங்கோ. இடையில விலகிறதுக்கு ஆறு மாச நோட்டீஸ் வசதி தரமாட்டம் எண்டால் எடுக்கவே வேண்டாம்.