ஒரே ஞாயிறுதான் இருக்கிறதா? மெக்சிகோ அருங்காட்சியகத்துக்கு இப்படிப் போங்கள்

கேள்வி: அலுவலக வேலையாக மெக்சிகோ சிட்டி போகிறேன். ஒரு ஞாயிறு மட்டும் ஓய்வு. தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்தை அரை நாளில் பார்க்க முடியுமா? கைடுடன் சேர்த்து ஆன்லைனில் விற்கும் டிக்கெட்டை வாங்கலாமா?

பதில்: பார்க்கலாம், வரிசைப்படி போகாமல் இருந்தால். நுழைந்ததும் வலப்பக்கத்தில் தொடங்கி ஒவ்வொரு கூடமாகப் போகிறவர்கள், முக்கியமான கூடம் வரும்போது காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். நீங்கள் முற்றத்தைக் கடந்து நேரே எதிரில் இருக்கும் மெஹிகா கூடத்துக்குப் போங்கள். ஆஸ்டெக் என்று நாம் சொல்வது இவர்களைத்தான். 1790இல் நகரின் மையச் சதுக்கத்தில் கிடைத்த சூரியக்கல், நடுவில் ஒரு முகம் செதுக்கிய பெரிய வட்டக்கல், அங்கேதான் இருக்கிறது. எடை 24 டன்னுக்கு மேல். நடுமுகத்தின் நாக்கைக் கவனியுங்கள், அது கல்கத்தி. அருகே பாம்புப் பாவாடை கட்டிய பெண் தெய்வம் கோவாட்லிக்குவேயின் சிலை. கழுத்து மாலையில் மனிதக் கைகளும் இதயங்களும். அப்புறம் இடப்பக்கமாகத் திரும்பி வந்தால் ஆஸ்டெக்குகளுக்கு வெகு முந்தைய ஒல்மெக் மக்கள் செதுக்கிய பெரிய கல் தலைகள், மாயா என்ற இன்னொரு பழைய மக்களின் கூடம், அதன் கீழே பாலென்கே என்ற மாயா நகரின் மன்னன் பகாலுடைய கல்லறையின் நகல். மாடியை விட்டுவிடுங்கள்.

டிக்கெட்டை வாசலிலேயே வாங்குங்கள். 'வரிசையில் நிற்க வேண்டாம்' என்று பல மடங்கு விலைக்கு விற்பவர்களுக்கு ஏன் அழ வேண்டும்? கைடு வேண்டுமென்றால் சுற்றுலாத் துறை அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். சூரியக்கல்லை 'மாயா காலண்டர், உலக முடிவு' என்று ஆரம்பிப்பவரை அங்கேயே அனுப்பிவிடுங்கள். அது மாயாவும் இல்லை, உலக முடிவைச் சொல்லவும் இல்லை. ஆனால் கைடுகளை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? உலகமே வந்து பார்க்கும் இடத்தில் சிறு விளக்க அட்டைகளில் பெரும்பாலானவை இன்னும் ஸ்பானிஷில் மட்டும்தான்!

ஞாயிறு இலவசம் என்று யாராவது சொல்வார்கள். அது மெக்சிகோ குடிமக்களுக்கும் அங்கே குடியிருப்பு அனுமதி பெற்ற வெளிநாட்டினருக்கும்தான். உங்கள் நிறுவனம் குடியிருப்பு அட்டை வாங்கித் தந்திருந்தால் எடுத்துப்போங்கள். வேலை விஷயமாக வந்தவர் என்ற கடிதமோ, விசா ஒட்டிய பாஸ்போர்ட்டோ போதாது, அட்டை வேண்டும். இலவசம் என்பதால் அன்று கூட்டம் நெரியும், திறக்கும்போதே போய்விடுங்கள். திங்கள் விடுமுறை.

'நிலத்தில் தோண்டியெடுத்த அசல் பொம்மை' என்று காதோரம் ஒருவர் கிசுகிசுத்தால் நகர்ந்துவிடுங்கள். போலி என்றால் பணம் போச்சு. அசலாக இருந்தால் இன்னும் மோசம்: 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அது அரசின் சொத்து, விமான நிலையத்தில் மாட்டுவது நீங்கள்தான், விற்றவர் அல்ல.