ஃபார்மட் அடிக்கும் முன் ஒரு ஸ்கிரீன்ஷாட்

கேள்வி: வீட்டில் இருப்பது விண்டோஸ் 7 போட்ட பழைய கம்ப்யூட்டர். மானிட்டர் மாற்றியதிலிருந்து எழுத்தெல்லாம் நிழல் விழுந்த மாதிரி தெரிகிறது. பிரவுசரில் சில இடங்களில் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள். அப்பா பல வருடங்களுக்கு முன் அடித்து வைத்த வேர்டு ஃபைல்களைத் திறந்தால் தமிழே இல்லை, ஏதோ ஆங்கிலக் கிறுக்கல். பழுது பார்ப்பவர் "ஃபார்மட் அடித்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார். அடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்பவை மூன்றும் தனித்தனிக் கோளாறுகள். ஒன்றுகூட ஃபார்மட்டில் போகிற ரகம் இல்லை; மூன்றாவது இன்னும் சிக்கலாகக்கூடும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. எழுத்து மோசமாகத் தெரியும்போது பிரிண்ட் ஸ்கிரீன் பட்டனை அழுத்துங்கள். பெயிண்டில் ஒட்டிச் சேமித்து, அந்தப் படத்தை உங்கள் போனில் திறந்து பாருங்கள். போனில் எழுத்து பளிச்சென்று இருந்தால் கோளாறு மானிட்டரிலோ ஒயரிலோ திரை அமைப்பிலோ இருக்கிறது. போனிலும் அதே கோலம்தான் என்றால் கோளாறு கம்ப்யூட்டருக்கு உள்ளே. எந்தப் பக்கம் தேடுவது என்பது இதிலேயே தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் டிரைவர், ஃபாண்ட், கேபிள் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

உங்கள் நிழல் எழுத்து போனில் தெரியாது என்பது என் ஊகம். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து ஸ்கிரீன் ரெசல்யூஷனைத் திறந்து பாருங்கள். புது மானிட்டர் 1920×1080 ஆக இருந்து, விண்டோஸ் இன்னும் 1280×720 இல் ஓடினால், 1280 புள்ளிகளை 1920 இடங்களில் பரப்பியாக வேண்டும். ஒரு புள்ளிக்கு ஒன்றரை இடம். அரைப் புள்ளி என்று எல்சிடியில் எதுவும் கிடையாது, அதனால் மானிட்டர் பக்கத்துப் புள்ளியோடு குழைத்துப் பூசிவிடும். போட்டோவில் இது அவ்வளவாகத் தெரியாது. மெல்லிய கோடுகளால் ஆன எழுத்தில் அப்படியே தெரியும். பழைய குண்டு மானிட்டருக்கு இப்படி நிலையான கட்டம் இல்லாததால் எந்த அளவு கொடுத்தாலும் ஒப்பேற்றிவிடும். உங்கள் பழைய மானிட்டர் அந்த ரகம் என்றால், இதுவரை உங்களுக்கு இது தெரியாததற்குக் காரணம் அதுதான். மானிட்டரின் சொந்த அளவையே தேர்ந்தெடுங்கள். அந்த அளவு பட்டியலிலேயே இல்லையென்றால் பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவர் சரியாக ஏறவில்லை என்று பொருள்.

அளவு சரியாக இருந்தும் நிழல் போகவில்லையா? ஒயரைப் பாருங்கள். நீல நிறத்தில் 15 ஊசி வைத்த விஜிஏ கேபிள்தானே? அது அனலாக் சிக்னல். ஒவ்வொரு புள்ளியும் எங்கே தொடங்குகிறது என்பதை மானிட்டர் ஊகித்துத்தான் பிடிக்கும். ஊகம் சற்றுத் தப்பினால் திரையில் ஒரு பட்டை தெளிவாகவும் அடுத்த பட்டை மங்கலாகவும் இருக்கும். மானிட்டரில் உள்ள 'ஆட்டோ' பட்டனை அழுத்தினால் மீண்டும் ஊகிக்கும். ஆனால் வால்பேப்பரை வைத்துக்கொண்டு அழுத்தாதீர்கள். திரை முழுக்க எழுத்து நிறைந்த வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்து அழுத்துங்கள். விளிம்பு கூர்மையாக இருந்தால்தான் அதனால் சரியாகப் பிடிக்க முடியும். கேபிளின் இரண்டு பக்கத் திருகையும் இறுக்கிவிடுங்கள். கம்ப்யூட்டர், மானிட்டர் இரண்டிலும் டிவிஐ அல்லது எச்டிஎம்ஐ என்ற டிஜிட்டல் இணைப்பு இருந்தால் யோசிக்காமல் அதற்கு மாறுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் கிளியர்டைப், அதாவது எழுத்தின் விளிம்பைத் தெளிவாகக் காட்டும் விண்டோஸ் வசதி. ஸ்டார்ட் மெனுவில் அந்தப் பெயரை ஆங்கிலத்தில் அடித்தால் வரும். சில எழுத்து மாதிரிகளைக் காட்டி, எது தெளிவு என்று கேட்கும். அளவைச் சரிசெய்யாமல் இதைச் செய்தால் பயனில்லை.

கட்டங்கள் கதை வேறு. ஒரு குறியீட்டுக்கான உருவம் எந்த ஃபாண்டிலும் கிடைக்காதபோது வருவது அது. கணினிக்காரர்கள் அந்தக் கட்டத்தை 'டோஃபு' என்பார்கள். கூகுளின் நோட்டோ ஃபாண்டுக்குப் பெயர் வந்ததே 'நோ டோஃபு' என்பதிலிருந்துதான். விண்டோஸ் 7 இல் லதா, விஜயா என்ற தமிழ் ஃபாண்டுகள் உள்ளேயே இருப்பதால், தமிழ் எழுத்து கட்டமாக வருவது அபூர்வம். உங்களுக்குக் கட்டமாக வருபவை பெரும்பாலும் பின்னாளில் வந்த எமோஜிகளாக இருக்கும். ஃபயர்பாக்ஸ் எமோஜி ஃபாண்டைத் தன்னோடே கொண்டுவருவதால், அதில் ஒருமுறை திறந்து பாருங்கள். தமிழே கட்டமாக வந்தால் யாரோ ஃபாண்டை அழித்திருக்கக்கூடும். நோட்டோ தமிழை இறக்கி டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுங்கள். ஃபாண்ட் என்று சொல்லி .இஎக்ஸ்இ ஃபைல் வந்தால் தொடாதீர்கள்.

இப்போது அப்பாவின் ஃபைல்கள். யூனிகோட் (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறை) பரவும் முன் வந்த பாமினி போன்ற ஃபாண்டுகள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்தவை. பாமினியில் 'அம்மா' என்பது ஃபைலுக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் இருக்கும். அரைப்புள்ளிதான் அங்கே மெய்யின் புள்ளி! ஃபாண்ட் இருந்தால் அம்மா, இல்லாவிட்டால் கிறுக்கல். வேர்டில் அந்த வரியைத் தேர்ந்தெடுத்து மேலே ஃபாண்ட் பெட்டியைப் பாருங்கள். கணினியில் இல்லாத ஃபாண்டாக இருந்தாலும் அதன் பெயர் அங்கே நிற்கும். அந்த ஃபாண்டைப் போட்டால் தமிழ் திரும்பிவிடும். போனிலும் படிக்க வேண்டுமானால் யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் கொடுங்கள். நடுவே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் கருவி அவற்றையும் தமிழென்று நினைத்துக் குதறிவிடும். அவற்றை மட்டும் கையால் திருத்த வேண்டும்.

நோட்பேடு ஃபைல் ஏதாவது இருந்து, அதில் தலையில் கோடு போட்ட சின்ன ஏயும் வட்டத்துக்குள் ஆரும் மாறி மாறி வந்தால், அது யூனிகோட் தமிழேதான், தப்பாகப் படிக்கப்படுகிறது. ஃபைலைத் திறக்கும் பெட்டியின் அடியில் என்கோடிங் என்ற இடத்தில் யுடிஎஃப்-8 என்று மாற்றித் திறங்கள். ஆனால் வரி முழுக்கக் கேள்விக்குறியாக இருந்தால் அதைக் காப்பாற்ற முடியாது. விண்டோஸ் 7 நோட்பேடு 'ஆன்சி' என்ற, தமிழுக்கு இடமில்லாத பழைய முறையில்தான் தானாகச் சேமிக்கும். எச்சரிக்கை காட்டும், கவனிக்காமல் ஓகே கொடுத்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறியாகவே ஃபைலில் எழுதப்பட்டுவிடும்.

என்றாவது ஒருநாள் வேறு காரணத்துக்காக ஃபார்மட் அடிக்கத்தான் வேண்டும் என்றால், பழைய ஹார்ட் டிஸ்கின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள். டாகுமென்ட்ஸை எல்லோரும் காப்பி எடுப்பார்கள், ஃபாண்டை மறந்துவிடுவார்கள். அப்பா எந்த ஃபாண்டில் அடித்தாரோ, அது இன்னொரு கணினியில் இருக்கும் என்று சொல்ல முடியாது.