கும்பக்கரை மூடியிருந்தால் மேலே உள்ள கசத்துக்குப் போகலாமா?

கேள்வி: மகாளய அமாவாசைக்குத் திதி கொடுக்க அம்மாவைத் தேனி மாவட்டச் சுருளி அருவிக்கு அழைத்துப்போய், திரும்பும்போது பிள்ளைகளைப் (8, 11 வயது) பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரை அருவியில் குளிக்கவைக்க நினைக்கிறோம். அருவி மூடியிருந்தாலும் கவலை இல்லை, மேலே கூட்டமில்லாத கசம் (தண்ணீர் தேங்கிய ஆழமான பாறைக்குழி) ஒன்று இருக்கிறது, ஆளுக்கு 300 ரூபாய் கொடுத்தால் போதும் என்கிறார் வேன் ஏற்பாடு செய்பவர். பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியாது. போகலாமா?
— வாசகி, வில்லாபுரம், மதுரை

பதில்: போகக் கூடாது. நீச்சல் தெரிந்திருந்தாலும் இதே பதில்தான்.

கும்பக்கரைக்கு வரும் தண்ணீர் கொடைக்கானல் மலையில் பெய்த மழை. பெரியகுளத்தில் வெயில் கொளுத்தும்போதே மேலே மழை கொட்டிக்கொண்டிருக்கும். செங்குத்தான மொட்டைப் பாறையில் அந்த நீர் நிற்காது. மொத்தமாகக் கீழே இறங்கும். அதனால்தான் வானம் தெளிவாக இருக்கும்போதும் வனத்துறை கயிறு கட்டி அருவியை மூடுகிறது. சோதனைச்சாவடியில் நின்று "ஒரு சொட்டு மழை இல்லையே சார்" என்று வாதாடுவதில் பயன் இல்லை.

கசம் என்பது குளம் அல்ல. கூழாங்கற்கள் சுழன்று சுழன்று பாறையைக் குடைந்த குழி. பல குழிகளுக்கு வாய் குறுகல், உள்ளே அகலம். சுவரெல்லாம் பாசி, பிடிக்க விளிம்பு கிடையாது. அருவி விழும் இடத்தில் நுரை பொங்குகிறதே, அது பாதி காற்று. அதில் உடம்பு மிதக்காது, கை வீசினாலும் தண்ணீர் பிடி கொடுக்காது. கிணற்றில் குதித்துப் பழகிய இளவட்டங்கள் இங்கே மூழ்குவது இதனால்தான்.

அந்த 300 ரூபாய் விஷயத்துக்கு வருகிறேன். கட்டணம் வாங்கும் வாசலைத் தாண்டி மேலே இருப்பது காப்புக்காடு. அனுமதியின்றி நுழைவது குற்றம். பிடிபட்டால் வழக்கும் அபராதமும் உங்கள் பெயரில். கூட்டிப்போனவர் வேனில் உட்கார்ந்திருப்பார். "ரேஞ்சர் நமக்குத் தெரிஞ்சவர்" என்பார்கள். ரசீது கேளுங்கள், பேச்சு நின்றுவிடும். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. 2024 முதல் அரசே இணையத்தில் முன்பதிவு வைத்து வழிகாட்டியோடு அழைத்துப்போகிறது. இவ்வளவு இருந்தும் 'யாருக்கும் தெரியாத அருவி' வியாபாரம் நிற்கவில்லை.

சுருளி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் எல்லோரும் விதிவிலக்கு கேட்கிறார்கள். சுருளி 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. வெள்ளம் வந்தாலும் மூடுவார்கள், யானை நடமாட்டம் இருந்தாலும் மூடுவார்கள். அமாவாசை என்பதற்காக யானை வழிவிடாது. ஆனால் திதி கொடுக்க அருவிக்குக் கீழே தலையைக் காட்ட வேண்டிய கட்டாயமில்லை. பூதநாராயணர் கோயில் பக்கம் ஆற்றங்கரை இருக்கிறது; ஊழியர்கள் அனுமதிக்கும் இடத்தில் ஒரு செம்பு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு தர்ப்பணம் செய்யலாம். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் படியில் உட்கார்ந்தே ஊற்றிக்கொள்ளட்டும். ஆற்றிலும் நீர் கலங்கலாக ஓடினால் கரையில் நின்று சொம்பில் எடுத்தால் போதும். இதைப் புரோகிதரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைசி நிமிடத்தில் "அருவியில் முங்கினால்தான் பலன்" என்று யாராவது அம்மாவைக் கிளப்பிவிடுவார்கள்.

கும்பக்கரை திறந்திருந்தால்: கம்பி கட்டிய இடத்தில் மட்டும், பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழே தண்ணீர், பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில். பின்பட்டை உள்ள செருப்பு போடுங்கள். எண்ணெய், ஷாம்பு வேண்டாம். ஒருவர் தேய்த்த எண்ணெயில் பத்துப் பேர் வழுக்குவார்கள். தெளிந்த நீர் தேநீர் நிறத்துக்கு மாறினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே ஏறுங்கள். நிற்கும் கரையிலேயே மேட்டுக்கு ஏற வேண்டும். செருப்பும் துண்டும் எதிர்க்கரையில் இருக்கிறதென்று குறுக்கே கடக்காதீர்கள்.

யாராவது விழுந்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். சேலையையோ வேட்டியையோ வீசுங்கள். மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் காலிக் கேன் ஒரு ஆளைத் தாங்கும். வேனில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்குவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் நேரத்தைக் கொல்லும். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதி, பிறகு 30 முறை நெஞ்சை அழுத்தி, 2 முறை ஊதி, அப்படியே தொடர வேண்டும். இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும்.

அருவி இன்று திறப்பா மூடலா என்று மதுரையிலிருந்து கிளம்பும் முன்பே உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு எண் இருந்தால் எவ்வளவு நல்லது! தடை போட்டதும் நாளிதழ்களுக்குச் செய்தி போகிறது. 80 கிலோமீட்டர் வந்தவருக்கு வாசலில்தான் தெரிகிறது. ஏமாந்து நிற்கும் அந்தக் குடும்பத்தை நோக்கித்தான் தரகர் வருகிறார். அதனால் முந்தின நாளே மாற்று ஏற்பாட்டைப் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்: கும்பக்கரை இல்லையென்றால் ஆண்டிப்பட்டி பக்கம் வைகை அணைப் பூங்கா. குளிக்க முடியாது, ஆனால் சாயங்காலம் வரை ஓடி விளையாட இடம் இருக்கிறது, மதுரைக்கும் அதே வழி.