பொடிக்குப் பெயர் கிடையாது

அன்புள்ள ஐயா,

காரைக்குடியில் முதுகலை உயிர்த்தொழில்நுட்பம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். திட்டப்பணிக்குச் சிவனார் வேம்பை எடுத்துக்கொண்டேன். சொறி சிரங்கிலிருந்து புற்று வரைக்கும் எங்கள் அப்பத்தா அதைத்தான் சொல்வார்கள். நாட்டு மருந்துக் கடையில் அரைக் கிலோ பொடி வாங்கி, மெத்தனாலில் ஊறவைத்துச் சாறு எடுத்தேன். எம்.சி.எஃப்-7 மார்பகப் புற்றுச் செல்களில் எம்.டி.டி. சோதனை (செல் உயிரோடிருக்கிறதா என்று சாயத்தால் பார்ப்பது) செய்ததில் ஐ.சி.50, அதாவது செல் வளர்ச்சியைப் பாதியாக்கும் அளவு, மில்லிக்கு 182 மைக்ரோகிராம் வந்தது. சேர்மங்களை ஆவியாக்கிப் பிரித்துக் காட்டும் ஜி.சி.-எம்.எஸ். கருவியில் 34 சேர்மங்கள் தெரிந்தன. இன்னொரு செல் வரிசை சேர்த்தால் கட்டுரையாக அனுப்பலாம் என்கிறார்கள். கருப்பைவாய்ப் புற்றுச் செல்லான ஹீலாவா, நுரையீரல் புற்றுச் செல்லான ஏ549-ஆ? எந்த இதழுக்கு அனுப்பலாம்? இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் தெருவில் ஓர் ஆச்சிக்கு மார்பகப் புற்று, கீமோ போய்க்கொண்டிருக்கிறது. என் சோதனையைக் கேள்விப்பட்டுப் பொடி கேட்கிறார்கள். கால் கிலோ மிச்சம் இருக்கிறது. கொடுக்கலாமா?

ஓர் ஆய்வு மாணவி

*

அன்புள்ள ஆத்தா,

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில். கொடுக்காதே. ஏற்கெனவே ஒரு கரண்டி கொடுத்திருந்தால் இன்று பொழுது சாய்வதற்குள் போய்த் திரும்ப வாங்கிவிடு. எத்தனை நாள், எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பதை ஆச்சி வீட்டார் கீமோ கொடுக்கும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இதை நீ கேட்டதே எனக்கு வருத்தம். படித்த பிள்ளை கொடுத்தது என்று நம்பித்தானே அந்த ஆச்சி வாயில் போடுவார்கள்? கீமோ மருந்துகள் பலவற்றைக் கல்லீரலின் நொதிகள்தான் உடைத்து வெளியேற்றுகின்றன. ஒரு மூலிகை அந்த நொதியை முடுக்கிவிட்டால் மருந்து வேலை செய்யும் முன்பே கரைந்துபோகும். முடக்கிவிட்டால் மருந்து உடம்பில் தேங்கி விஷமாகும். மனச்சோர்வுக்கு மேலைநாட்டார் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற செடி, இரினோடீகான் கீமோ மருந்தின் வீரியப் பொருளை ரத்தத்தில் குறைத்துவிடுவதை நோயாளிகளிடமே அளந்து பார்த்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம், வெள்ளணு குறைந்து கிடக்கும் உடம்புக்குச் சாக்கில் கிடந்த பொடியின் பூஞ்சை ஒன்றே போதும், காய்ச்சலில் படுக்கவைக்க.

நித்தியகல்யாணியிலிருந்து புற்று மருந்து வரவில்லையா என்று கேட்பாய். வந்தது. நம் சுடுகாட்டு ஓரமெல்லாம் பூத்துக் கிடக்கும் செடிதான். சர்க்கரை நோய்க்கு என்று ஜமைக்காவில் குடித்துவந்த இலையைக் கனடாவில் எலிகளுக்கு ஊசியில் ஏற்றியபோது சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளணுக்கள் இறங்கின. அந்தத் தடத்தைப் பிடித்துத்தான் 1958-இல் நோபிளும் பியரும் வின்பிளாஸ்டினைப் பிரித்ததை அறிவித்தார்கள். ஆனால் இன்றுவரை எந்த ஆஸ்பத்திரியிலும் அந்த இலையை அரைத்துக் கொடுப்பதில்லை. அதே செடியின் வின்கிரிஸ்டினை வழக்கமாக ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றமாட்டார்கள், அதுவும் ரத்தக்குழாய் வழியாக மட்டும். இலைக்கும் அந்த ஊசிக்கும் நடுவே இருக்கும் தூரம்தான் நீ படிக்க வந்த படிப்பு.

உன் 182-க்கு வருகிறேன். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் கச்சாச் சாறு ஒன்றைக் கவனிக்கத்தக்கது என்று எடுத்துக்கொள்ள வைத்த அளவு மில்லிக்கு 20 மைக்ரோகிராம். நீ அதற்கு ஒன்பது மடங்கு தள்ளி நிற்கிறாய். ஒரு கணக்குப் போட்டுப் பார். ஓர் ஆள் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். மில்லிக்கு 182 மைக்ரோகிராம் என்றால் 910 மில்லிகிராம் சாறு, குடலில் நிற்காமல் கல்லீரலில் உடையாமல், ஒரே நேரத்தில் ரத்தத்தில் மிதக்க வேண்டும். நூறு கிராம் பொடிக்குப் பத்துக் கிராம் சாறு என்று வைத்துக்கொண்டாலும் ஒன்பது கிராம் பொடி, ஒரு துளி வீணாகாமல். அப்படி எந்த உடம்பும் உறிஞ்சாது. இதை 'புற்றை எதிர்க்கும் ஆற்றல்' என்று தலைப்பிடாதே. 'இந்த அளவில் இந்தச் செல்லின் வளர்ச்சி பாதியாகக் குறைந்தது' என்று எழுது. அதுதான் நீ கண்டது.

ஹீலாவா, ஏ549-ஆ என்பது ஒரு கேள்வியே இல்லை. நீ சேர்க்க வேண்டியது புற்றில்லாத செல். மார்பகத்துக்கு எம்.சி.எஃப்-10ஏ இருக்கிறது. நல்ல செல்லையும் அதே அளவில் கொல்லும் சாறு மருந்தாகாது, பினாயிலும் அதைச் செய்யும். கூடவே டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்தை ஒப்பீட்டுக்கு வை. உன் கடிதத்தில் அது இல்லை. இதழைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

உன் கடிதத்தில் என்னை நிறுத்தியது ஐந்தே சொற்கள்: 'கடையில் அரைக் கிலோ பொடி வாங்கி'.

அது சிவனார் வேம்பு என்று உனக்கு யார் சொன்னது? கடைக்காரர். அவருக்கு? மூட்டை போட்டவர். அவருக்கு? பறித்தவர். அவர் பறித்ததை நீ பார்க்கவில்லை. நம் ஊரில் வேம்பு என்ற பெயரில் எத்தனை நிற்கின்றன என்று எண்ணிப் பார். வேம்பு ஒரு மரம். மலைவேம்பு அதன் குடும்பத்திலேயே வேறு மரம். நிலவேம்பு முழங்கால் உயரச் செடி, ஆடாதோடைக்குச் சொந்தம், கசப்புக்குக் காரணம் ஆண்ட்ரோகிராஃபோலைடு. சர்க்கரை வேம்பு இன்னொன்று. உன் சிவனார் வேம்போ இண்டிகோஃபெரா அஸ்பலதாய்டிஸ், அவுரியின் தங்கை, பயறு குடும்பம்; வேம்புக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவே இல்லை. இவற்றில் எதைக் காயவைத்து இடித்தாலும் பச்சைப் பொடி. நிலவேம்பு ஒரு பங்கு கலந்திருந்தாலும் போதும், நீ அளந்தது ஆண்ட்ரோகிராஃபோலைடின் வேலையாக இருக்கும், கட்டுரையில் பெயர் மட்டும் சிவனாருக்குப் போகும். கீழாநெல்லி வாங்கினால் மேலாநெல்லியும் சேர்ந்து வருகிற கதை உனக்குத் தெரிந்ததுதானே? செடியாக இருக்கும்போது காய் இலைக்குக் கீழே தொங்குகிறதா என்று பார்த்துப் பிரிக்கலாம். பொடியில் எதைப் பார்ப்பாய்?

பார்க்க ஒரு வழி உண்டு. கால் கிலோ மிச்சம் அதற்கு உதவும். ஒரு சிட்டிகைப் பொடியை 5 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, தண்ணீரில் கழுவி, ஒரு துளி கிளிசரினில் வைத்து 400 மடங்கில் பார். அவுரி இனத்துச் செடிகளின் ரோமம் இரண்டு கை நீட்டிய டி வடிவத்தில், நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும். அது ஏராளமாகத் தெரிந்தால் இனமாவது சரி, ஆனாலும் அவுரியா சிவனார் வேம்பா என்று பொடி சொல்லாது. நிலவேம்பைத் தேடுவதானால் பொடியை அமிலம் படாமல் குளோரல் ஹைட்ரேட்டில் தெளியவைத்துப் பார். மேல்தோல் செல்லுக்குள் சுண்ணாம்புக் கட்டி போல சிஸ்டோலித் கிடந்தால் கலப்படம். நான்கைந்து ஸ்லைடு போட்டுப் படம் எடுத்து வைத்துக்கொள். முடிந்ததும் பொடியைக் குப்பையில் கொட்டு.

பிறகு செடியைத் தேடிப் போ. மழை கழிந்து பூவும் காயும் ஒன்றாக நிற்கும் நாளாகப் பார். செம்மண் பொட்டல், கண்மாய்க் கரையின் காய்ந்த மேடு, இங்கெல்லாம் தரையோடு தாழ்ந்து நிற்கும். தண்டில் வெள்ளி போல் மெல்லிய ரோமம். அவுரிக்கு இலைக்காம்பின் இருபுறமும் சிற்றிலை வரிசை போகும். இதற்கு மூன்று முதல் ஐந்து சிறு இலைகள் ஒரே புள்ளியிலிருந்து விரல் போலப் பிரியும், காம்பே இல்லாத மாதிரி. பூ சிவப்பு, பொடிசு. காய் நேராக, ஓர் அங்குலத்துக்கும் குறைவு. வேரோடு நாலைந்து செடி எடு. மண்ணை உதறு, கழுவாதே. நியூஸ்பேப்பர் மடிப்பில் இலை ஒன்றிரண்டின் அடிப்பக்கம் தெரியும்படி பரப்பி, பலகைக்கு நடுவே வைத்து இறுக்கிக் கட்டு. முதல் மூன்று நாளும் தினம் தாளை மாற்ற வேண்டும். சோம்பினால் பூஞ்சை பிடித்து இலை கறுத்துக் காம்பிலிருந்து உதிரும். காய்ந்த பிறகு 42 செ.மீ.க்கு 28 செ.மீ. அட்டையில் ஒட்டு. எடுத்த இடம், தேதி, மண், உயரம், ஊரார் சொன்ன பெயர், சொன்னவர், எல்லாவற்றையும் அன்றைக்கே எழுது. பூவின் நிறத்தை மறக்காதே, காய்ந்தால் அது போய்விடும்.

ஒரு தாள் உன் துறைக்கு. ஒன்றைத் திருச்சி தூய வளனார் கல்லூரி ரபினாட் ஹெர்பேரியத்துக்கு, அதாவது உலர்தாவரக் காப்பகத்துக்கு, கொண்டுபோ. தமிழ்நாட்டுச் சமவெளிச் செடிகளை அருட்தந்தை கே. எம். மேத்யூ ஒவ்வொன்றாகத் திரட்டி எழுதிய இடம் அது. அங்கே ஒப்பிட்டுப் பெயர் உறுதி செய்து, உன் தாளுக்கு எண் வாங்கிக்கொள். கட்டுரையின் முதல் வரியில் வரவேண்டியது அந்த எண்.

ஒரு தாளுக்கு இவ்வளவு பாடா என்று நினைக்காதே. 1987-இல் சரவாக் காட்டில் ஒரு புன்னை இன மரத்திலிருந்து கிளையும் இலையும் கொண்டுபோனார்கள். எய்ட்ஸ் வைரஸைத் தடுக்கும் சேர்மம் அதில் இருப்பது பிறகு தெரிந்தது. கலனோலைடு ஏ என்று பெயர் வைத்தார்கள். மறுபடி போனபோது அந்த மரம் வெட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் நின்ற அதே இன மரங்களில் அந்தச் சேர்மம் கிடைக்கவில்லை. காப்பாற்றியது பதிவுதான்: இன்ன மரம், இன்ன வகை என்று எழுதி, மாதிரித் தாளும் வைத்திருந்ததால் தேடிக்கொண்டே போய், சிங்கப்பூர் தாவரப் பூங்காவில் நின்ற மரங்களில் அதைக் கண்டுபிடித்தார்கள். உன் 182 நாளைக்கு 18 ஆகவே வந்தாலும், எந்த மரத்தடிக்கு நீ திரும்பிப் போவாய்? கடைக்கா? அந்த மூட்டை இந்நேரம் விற்றுப்போயிருக்கும்.

செடி உறுதியானதும் மற்றவை சுலபம். வளவில் நிழல் விழும் பக்கம் துணி விரித்துக் காயவை. தண்டு மடங்காமல் ஒடியும்வரை, பத்து நாள் ஆகலாம். நூறு கிராமுக்கு ஒரு லிட்டர் மெத்தனால், மூன்று நாள் அவ்வப்போது குலுக்கி, வடிகட்டி, 40 டிகிரிக்கு மேல் போகாமல் வற்றவை. டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் மில்லிக்கு 100 மில்லிகிராம் என்று கரைத்துவைத்தால், செல் வளர்க்கும் தட்டின் குழியில் மில்லிக்கு 200 மைக்ரோகிராம் போகும்போது டி.எம்.எஸ்.ஓ. 0.2 சதவீதம்தான் இருக்கும். சாறே இல்லாமல் அதே டி.எம்.எஸ்.ஓ. மட்டும் போட்ட குழிகளும் வேண்டும்.

எம்.டி.டி.யில் ஒரு பொறி இருக்கிறது. மஞ்சள் சாயத்தை ஊதாவாக்குவது உயிருள்ள செல் மட்டும் என்று நினைக்கிறோம். சாற்றிலுள்ள பாலிஃபீனால்களும் செல் இல்லாமலே அதைச் செய்யும். செத்த செல் உயிரோடிருப்பதாகக் கணக்கு வரும். எதிர்ப்பக்கமாகவும் ஏமாற்றும்: அதே பாலிஃபீனால்கள் வளர்ப்பு ஊடகத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கி, அதுவே செல்லைக் கொல்லும். ஆகவே ஆறு குழியில் செல் போடாமல் ஊடகம், சாறு, சாயம் மட்டும் விட்டு நான்கு மணி நேரம் வை. ஊதா வந்தால், செல் உள்ள குழிகளில் சாற்றைக் கழுவிவிட்டுச் சாயம் விடு. இன்னொரு வரிசையில் பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதி சேர்த்துப் பார். செல் பிழைத்துக்கொண்டால் கொன்றது உன் செடி இல்லை.

34 சேர்மப் பட்டியலில் தாலேட் என்று முடியும் பெயர் இருந்தால் அடித்துவிடு. பெரும்பாலும் பிளாஸ்டிக் குழாயிலிருந்து வந்தது அது. ஹெக்ஸாடெகனோயிக் அமிலம் எந்த இலையிலும் இருக்கும். சர்க்கரை ஒட்டிய ஃபிளேவனாய்டுகள் அந்தக் கருவியில் ஆவியாகிப் பறக்காது; அவற்றுக்குத் திரவமாகவே பிரிக்கும் எல்.சி.-எம்.எஸ். கருவி வேண்டும்.

'பாரம்பரிய மருத்துவத்தைச் சோதித்தேன்' என்றும் எழுதாதே. சித்தத்தில் சிவனார் வேம்புக்குப் பேர்போன பக்குவம் குழித்தைலம். அடியில் துளையிட்ட பானையில் சரக்கை அடைத்து, குழிக்குள் ஏனத்தின் மேல் கவிழாமல் நிறுத்தி, சுற்றி வறட்டி அடுக்கி எரித்து, சொட்டுச் சொட்டாக இறங்கும் தைலத்தை எடுப்பார்கள். அந்த நெருப்பில் பழைய சேர்மங்கள் உடைந்து புதியவை உண்டாகும். குளிர்ந்த மெத்தனால் தொட்டது வேறு பொருள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தால் அது ஒரு நல்ல ஆய்வு. அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்.

இப்போதைக்கு ஒன்று செய். சிவனார் வேம்பு என்று அப்பத்தா சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறாய். காட்டினார்கள் என்று எழுதவில்லை. வெயில் ஏறும் முன் அவர்களை ஓர் ஆட்டோவில் உட்காரவைத்துக் கண்மாய்க் கரைக்குக் கூட்டிப்போ. நீ முதலில் எதையும் காட்டாதே. அவர்களே தேடி எடுக்கட்டும். அது நான் மேலே சொன்ன செடியாக இல்லாவிட்டால், அதையும் வேரோடு எடுத்துத் தனித் தாளில் வை, அப்பத்தா பெயரை அதில் எழுது. இரண்டையும் திருச்சிக்குக் கொண்டுபோ.