பதற்றத்துக்கு ஆன்லைன் மாத்திரை: மருந்தாளர் பதில்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகளில் சில.

என் மகன் டெலிகிராமில் 'புரோமாசோலம்' வாங்கியிருக்கிறான். "டாக்டர் கொடுக்கிற வேலியம் மாதிரிதாம்மா" என்கிறான். உண்மையா?

இரண்டும் வேலை செய்யும் இடம் ஒன்றுதான் அம்மா. மூளையில் காபா என்ற ரசாயனம் நரம்புகளை அடக்கி வைக்கிறது. வேலியம் வகை மருந்துகள் காபா-ஏ ஏற்பியில் (காபா வந்து ஒட்டும் இடம்) ஒட்டிக்கொண்டு அந்த அடக்கத்தைக் கூட்டும். புரோமாசோலமும் அதையேதான் செய்கிறது. ஆனால் அது எந்த நாட்டிலும் மருந்தாக அனுமதி பெற்றதில்லை. 2024இல் ஐ.நா. அதைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த குளோனசோலம் அரை மில்லிகிராமிலேயே ஆளைச் சாய்த்துவிடும். அவ்வளவு சிறிய அளவைச் சமையலறைத் தராசில் நிறுக்க முடியாது. திருட்டுத்தனமாக மாத்திரை அச்சடிப்பவர் பொடியைச் சரியாகக் கலக்காவிட்டால், ஒன்றில் மருந்தே இருக்காது, அடுத்ததில் பல மடங்கு இருக்கும். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இத்தகைய போலி மாத்திரைகளில் நைட்டசீன் என்ற கடுமையான ஓபியாய்டும் (அபின் போல வேலை செய்யும் பொருள்) இருந்திருக்கிறது. மூச்சை நிறுத்தும் சரக்கு அது.

இங்கே 'எரிமின் 5' என்ற தூக்க மாத்திரையின் பெயரில் கைமாறுவதும் இதே கதைதான். அசல் தயாரிப்பு 2015ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது.

செம்பனை ஆலையில் இரவு ஷிப்டு. தூக்கத்துக்கு ஃபெனிபட் எடுக்கிறேன். சப்ளிமெண்ட் என்றுதான் விற்றார்கள்.

தம்பி, அது 1960களில் சோவியத் நாட்டில் உருவான மருந்து. ரஷ்யாவில் இன்றும் மருத்துவர் எழுதிக் கொடுக்கிறார். இது காபாவின் இன்னொரு ஏற்பியான காபா-பியைத் தூண்டும். வேலை தொடங்கவே சில மணி நேரம் ஆகும் என்பதால், "ஏறவில்லையே" என்று இன்னொரு முறை போட்டு மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. தினமும் எடுத்தால் உடல் சீக்கிரமே பழகிவிடும். நம் நாட்டில் பதிவான மருந்துக்கும் சப்ளிமெண்டுக்கும் பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் எண் இருக்கும். அது இல்லையென்றால் வாங்காதீர்கள்.

சித்தி இந்தியாவிலிருந்து எடிசோலம் கொண்டுவந்தார். அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

வேண்டாம். அதுவும் வேலியம் போல வேலை செய்வதுதான். அங்கே அது மருத்துவர் பார்த்து எழுதித் தரும் மருந்து. வயதானவர்கள் இதனால் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவதுதான் என் பெரிய பயம்.

தம்பி மாதக்கணக்கில் இந்த மாதிரி மாத்திரைகளைச் சாப்பிடுகிறான். எல்லாவற்றையும் கழிவறையில் கொட்டிவிட்டு அறையில் பூட்டி வைத்தால் சரியாகிவிடுமா?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள் அக்கா. தினமும் மருந்து அடக்கிக்கொண்டே இருந்ததால், மூளை தன் சொந்த அடக்கும் சக்தியைக் குறைத்துக்கொண்டிருக்கும். மருந்து திடீரென நின்றால் நரம்புகள் கட்டறுந்து துள்ளும். முதலில் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. பிறகு வலிப்பு, மனக்குழப்பம். உயிரே போகலாம். இந்த வகையில் ஃபுளுப்ரோமாசெபம் போன்றவை உடலில் பல நாள் தங்குவதால், "மூன்று நாளாகிவிட்டது, நன்றாகத்தான் இருக்கிறான்" என்று நினைத்த பிறகுகூட வலிப்பு வரலாம். ஃபெனிபட்டை நிறுத்தினாலும் இதே ஆபத்து உண்டு.

அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்குக் கூட்டிப் போங்கள். பெரும்பாலும் நெடுநேரம் வேலை செய்யும் டயசிபத்துக்கு (வேலியம்தான் அது) மாற்றி, வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், அளவைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். சாதாரணச் சிறுநீர்ச் சோதனையில் இப்புதிய பொருள்கள் தெரியாமல் போகலாம். அதனால் பெயரையும், எவ்வளவு நாளாக எடுக்கிறான் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பதற்றம் இருந்ததால்தான் அவன் இதைத் தேடினான். அதற்கும் அங்கேயே சிகிச்சை கேளுங்கள். பேச மட்டும் ஆள் வேண்டுமென்றால் 15555 என்ற 'ஹீல்' மனநல உதவி எண் இருக்கிறது.

சம்சுவோடு இந்த மாத்திரையும் போட்டுவிட்டுக் குறட்டை விடுகிறார். தூங்கி எழட்டும் என்று விடலாமா?

விடக்கூடாது. மதுவும் இம்மருந்தும் சேர்ந்தால் மூச்சு அடங்கிக்கொண்டே போகும். கரகரவென்ற அந்தக் குறட்டை, மூச்சுக்குழாய் அடைபடுவதாக இருக்கலாம். தட்டி எழுப்பியும் எழாவிட்டால் உடனே 999. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், பக்கத்திலேயே இருந்து மூச்சைக் கவனியுங்கள். மாத்திரைக் கவரை ஆம்புலன்ஸில் வருபவர் கையில் கொடுங்கள்.