சேற்றை ஆராய ஒரு படிப்பா?

அன்புள்ள அம்மா,

"பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தவள், கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம், சேற்றை ஆராயப் போகிறேன் என்கிறாள், புத்தி சொல்லுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தச் சேற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மகள் சொல்ல வந்தபோது பாதியிலேயே கோபப்பட்டிருப்பீர்கள்.

சுவிட்சர்லாந்தின் ஜூரா மலையில் எத்தான் த லா குரூயேர் என்றொரு சதுப்பு நிலம் இருக்கிறது. அங்கே பாசி முழுதாக மட்காமல் அடுக்கடுக்காகப் படிந்து பீட் ஆகியிருக்கிறது. அதன் மேற்பரப்பை ஓடையோ ஊற்றோ தொடுவதில்லை. மழையும் தூசியும்தான் வந்து விழும். காற்றில் பறந்தது எதுவோ அதுவே அதில் தங்கும். வில்லியம் ஷோட்டிக் என்ற ஆய்வாளரின் குழுவினர் அதைத் துளைத்தெடுத்து, அடுக்குகளின் வயதைக் கணித்து, ஒவ்வொன்றிலும் காரீயத்தை அளந்து 1998இல் வெளியிட்டார்கள். (பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம், இது வேறு.) சுமார் 3000 ஆண்டுகளுக்கு முன்பே சுரங்கமும் உலையும் காற்றைக் கெடுத்திருக்கின்றன. ரோமானியர் வெள்ளிக்காகத் தாதுவை உருக்கிய புகையும் அதில் பதிந்திருக்கிறது. அவர்களையெல்லாம் தோற்கடித்தது 1979: அந்த ஆண்டு படிந்த காரீயம் இயற்கை அளவைப்போல 1570 மடங்கு! பெட்ரோலில் கலந்த காரீயத்துக்கு அதில் பெரும்பங்கு உண்டு. ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை ஐசோடோப்புகள் என்பார்கள்; காரீயத்தின் 206, 207 ஐசோடோப்புகளின் விகிதத்தைப் பார்த்தால், அது மண்தூசியில் வந்ததா, தாதுவிலிருந்து வந்ததா என்றுகூடப் பிரித்துச் சொல்லலாம்.

நீலகிரியின் சாண்டிநல்லாவிலும் பீட் உண்டு. அதன் கார்பன் ஐசோடோப்புகளைக் கொண்டு பழங்காலப் பருவநிலையைக் கணித்த ஆய்வு 1993இல் வந்தது. ஆகவே இது வெளிநாட்டார் மட்டும் செய்யும் வேலை அல்ல.

இனி வயிற்றுப்பாடு. "பீட் ஆய்வாளர்" என்று யாரும் வேலைக்கு விளம்பரம் தர மாட்டார்கள். முனைவர் பட்டம் வரை போனால்தான் இதில் நிலைக்க முடியும். முதுகலை முடித்த பிறகும் ஐந்தாறு ஆண்டுகள் பிடிக்கும். அதைத் தாங்க முடியுமா என்று இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். ஆனால் சேற்றில் நிற்பது சில நாட்கள்தான். மிச்சமெல்லாம் ஆய்வகத்தில் நுண்ணளவு உலோகத்தை அளக்கும் வேதியியல். அந்தக் கைப்பழக்கத்துக்கு மருந்து நிறுவனங்களிலும் குடிநீர், உணவுப் பரிசோதனைக் கூடங்களிலும் வேலை இருக்கிறது.

அதனால் இளங்கலையில் வேதியியல் அல்லது நிலவியல் எடுக்கட்டும். பிறகு ஜாம் தேர்வு எழுதி ஐஐடியில் முதுகலை சேரலாம். நெட் தேர்வில் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் பழங்கால உயிர்ச்சுவடுகளை ஆராயும் லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனம் போன்ற இடங்களில் முயலலாம். ஆராய்ச்சி அலுத்துவிட்டால், யுபிஎஸ்சி நடத்தும் புவி விஞ்ஞானிகள் தேர்வு வழியாக இந்திய நிலவியல் ஆய்வு மையத்துக்குப் போகலாம். அங்கே நிலவியலாளருக்கு மட்டுமல்ல, வேதியியலாளருக்கும் பணியிடம் உண்டு.

விண்ணப்பத்தில் ஒரு கவனம். "புவியியல்" என்று அச்சிட்டிருந்தால் அது ஜியாகிரபி. இவளுக்கு வேண்டியது ஜியாலஜி. சில கல்லூரிகள் அதை நிலவியல் என்றும் சில புவி அமைப்பியல் என்றும் போடுகின்றன. போன ஆண்டு ஒரு பையன் மாற்றிக் குறித்துவிட்டு, கட்டணமும் கட்டிவிட்டு என்னிடம் வந்து நின்றான்.