மூணு மா நிலமும் லண்டன் வேலையும்

கேள்வி: மகன் பி.இ. சிவில், வயது 29. லண்டன் கம்பெனி ஒன்று ஆண்டுக்கு 36,000 பவுண்டு சம்பளம், ஓவர்டைம் 6,000 தனி என்கிறது. விசாவுக்காக முதலாளி தரும் ஸ்பான்சர் சான்றிதழுக்கு ஏஜென்ட் 12 லட்சம் கேட்கிறார். மூணு மா நிலத்தை அடகு வைக்கலாமா?
— ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: வைக்காதீர்கள் ஐயா. பிரிட்டனின் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு 2025 ஜூலை 22 முதல் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் 41,700 பவுண்டு. அந்த வேலைக்கென்று அரசு வைத்திருக்கும் தொகை அதைவிட அதிகமானால், அதுதான் கணக்கு. ஓவர்டைம், அலவன்ஸ் எதுவும் சேராது. சம்பளத்தையும் ஓவர்டைமையும் கூட்டி 42,000 என்று காட்டுவது கண்கட்டு வேலை. 26 வயதுக்குள் இருப்பவர், அங்கேயே படித்தவர் போன்ற சிலருக்கு 33,400 வரை இறங்கும். எந்தச் சலுகையில் மகனை எடுக்கிறார்கள் என்று கம்பெனியிடமே எழுத்தில் கேளுங்கள்.

சான்றிதழுக்கான கட்டணம் முதலாளி கட்ட வேண்டியது. தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது. திருத்துறைப்பூண்டியில் என் சித்தப்பா இப்படி ஒரு வேலைக் கடிதத்தை நம்பி நஞ்சையை இழந்தார். கடைசிவரை அந்த வாய்க்கால் கரைப் பக்கமே அவர் போகவில்லை. உரிமம் பெற்ற ஸ்பான்சர்களின் பட்டியலை பிரிட்டன் அரசே இணையத்தில் வெளியிடுகிறது. இன்றைக்கே மகனை அதில் கம்பெனிப் பெயரைத் தேடச் சொல்லுங்கள்.